கூலிக்கு முன் கூரை

தோட்டத் தமிழர் என்றாலே குளிருக்குப் பழகியவர்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பனிமூட்டத்துக்குள் கூடை சுமந்து நிற்கும் பெண்களின் நாட்காட்டிப் படங்கள் அந்த நினைப்பை ஆழமாக ஊன்றிவிட்டன. கலவானவில் போய் நின்று பார்த்தால் அது ஒரு நாள்கூடத் தாங்காது. இரத்தினபுரி மாவட்டத்தில், சிங்கராஜ வனத்தை ஒட்டி, தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் அடுத்தடுத்துக் கிடக்கும் பகுதி அது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். வெயில் மாதம் என்று தனியாக எடுத்துச் சொல்ல ஒரு மாதம் இல்லை. ஆனால் அது வெதுவெதுப்பான மழை. இரத்தினபுரிப் பக்கத்தின் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. நுவரெலியாவில் அது 16 பாகை. தேயிலை வியாபாரத்தில் 2,000 அடிக்குக் கீழே விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்றும் 4,000 அடிக்கு மேலே விளைவதை உயர்நிலத் தேயிலை என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். கொழுந்துக்குக் காட்டிய அந்தக் கவனத்தைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு யாரும் காட்டவில்லை. கலவானவில் இறப்பர்ப் பால் வெட்டிய உடம்பும் உயர்மலை இராகலையில் கவ்வாத்து வெட்டிய உடம்பும் ஒரே கணக்கில்தான் எழுதப்பட்டன.

அந்தக் கணக்குப் பிழைக்கு ஒரு தலைமுறை விலை கொடுத்திருக்கிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த 975,000 இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டன. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு போனவர்களில் இரத்தினபுரி உள்ளிட்ட சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களின் குடும்பங்களும் உண்டு. 1973 – 74 காலத்துப் பஞ்சம் சிலரைத் தள்ளியது. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள் மற்றவர்களைத் தள்ளின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு ஒரு பகுதியினர் வவுனியாப் பக்கம் போனார்கள், ஒரு பகுதியினர் கடல் கடந்தார்கள். கடல் கடந்தவர்களில் கணிசமானோர் கடைசியில் வந்து சேர்ந்த இடங்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல். கையில் காசில்லாமல் குளிர்ந்த மலையூருக்குக் குடிபெயர்வது என்றால் என்ன என்பதற்குத் தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அந்தச் சாட்சியத்திலிருந்து நான் பெறும் முடிவு ஒன்றுதான். குளிரூரில் ஏழைக் குடும்பம் ஒன்று நின்று பிடிக்குமா, கடனில் விழுமா என்பதைக் கூலி தீர்மானிப்பதில்லை. குடியேறிய முதல் குளிர்காலத்தில் அது எப்படிப்பட்ட கூரையின் கீழ் படுக்கிறது, அந்தக் கூரைமேல் அதற்கு என்ன உரிமை இருக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன. வேலையைப் பார்த்து மலையேறியதில் தவறில்லை. வீட்டைப் பார்க்காமல் ஏறவைத்ததுதான் தவறு. அந்தத் தவறில் பெரும்பங்கு குடும்பங்களுக்கு உரியதல்ல, அவர்களை அனுப்பிய, ஏற்ற அரசுகளுக்கு உரியது.

முதலில், ஏன் மலைக்குப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். அரசு அவர்கள் எல்லோரையும் மலைக்கு அனுப்பவில்லை. தாயகம் திரும்பியோர் என்று அழைக்கப்பட்ட இவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். 5,000 ரூபாய் அளவிலான ஒரு தொகையைக் கொடுத்து, திருச்சி, மதுரை, சேலம் போன்ற சமவெளி மாவட்டங்களில் பெட்டிக்கடை வைத்துப் பிழைத்துக்கொள்ளச் சொன்னது திட்டம். பெரட்டு எனும் காலை ஆளெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மாதமுடிவில் சம்பளத்தை எண்ணி வாங்கிப் பழகியவர்களுக்குக் கடன் சொல்லி விற்கும் வியாபாரம் கைவரவில்லை. தெரிந்தவர் இல்லாத ஊரில் கடை போட்டவரிடம் யார் வந்து வாங்குவார்கள்? பணம் கரைந்ததும் தெரிந்த தொழிலைத் தேடிப் புறப்பட்டார்கள். அதைவிட வலுவான காரணம் ஒன்றும் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பெண்ணுக்கும் நாட்கூலி உண்டு. சமவெளியில் ஒரு கூலி, மலையில் இரண்டு கூலி. அறிவுள்ள எந்தக் குடும்பமும் இரண்டு கூலியின் பக்கம்தான் சாயும். ஆகவே அவர்கள் யோசிக்காமல் குளிருக்குள் போய் விழுந்தார்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் போட்ட கணக்கு சரியான கணக்கு. அதில் குளிரின் செலவு மட்டும் விட்டுப்போயிருந்தது. கலவான, எட்டியாந்தோட்டை போன்ற தாழ்நில ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

அந்தச் செலவு எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளியில் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படாது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். ஊட்டி 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத விடியலில் அங்கே புல்மேல் உறைபனி படியும். 2,000 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து உலையில் பருப்பைப் போட்டால், கீழே வேகும் நேரத்தில் அது வேகாது. அதே பருப்புக்குக் கூடுதல் விறகு வேண்டும். குளிக்க, பாத்திரம் கழுவ, பிள்ளையின் முகம் துடைக்க எல்லாவற்றுக்கும் வெந்நீர் வேண்டும், அதற்கும் விறகு வேண்டும். மழைக்காலத்தில் விறகு நனைந்து கிடக்கும். நனைந்த விறகு பாதி சூடும் இரட்டிப்புப் புகையும் தரும். விறகு பொறுக்கப் போகும் இரண்டு மணி நேரம் யாரோ ஒரு பெண்ணின் உழைப்பு நேரம். வனத்துறைக் காவலரின் கண்ணில் பட்டால் அந்த விறகுக்குத் தண்டமும் சேரும்.

வீட்டுக்குள் பாருங்கள். புறம்போக்கு நிலத்துச் சரிவில் கழிகளை நட்டு, மண்ணைப் பூசி, மேலே தகரம் போட்ட குடிசை. பகலில் அடுப்பு எரிந்தபோது எழுந்த ஆவி இரவில் குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கத்தில் நீர்த்துளியாகி, படுத்திருப்பவர்மேல் சொட்டும். மழை பெய்யாத இரவிலும் கூரை ஒழுகும் என்றால் சமவெளிக்காரர் நம்பமாட்டார். மண் தரை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சாக்கை விரித்து அதன்மேல் பாயைப் போட்டாலும் விடியும்போது பாயின் அடி நனைந்திருக்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. பள்ளிச் சீருடையை அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்த வேண்டும், அது புகைநாற்றத்தோடு பள்ளிக்குப் போகும். சூடு வெளியே போகாமலிருக்கச் சாளரத்தை அடைத்தால் புகையும் உள்ளேயே நின்றுவிடும். அந்தப் புகை முதலில் பிடிப்பது கைக்குழந்தையின் நெஞ்சையும் கிழவியின் நெஞ்சையும். கலவானவில் நனைந்த சேலையோடு நாள்முழுதும் நிற்கலாம், அட்டைக்கடிதான் தொல்லை. கோத்தகிரியில் அப்படி நின்றால் ஈரத்துணி உடம்பின் சூட்டை இழுத்தெடுத்துவிடும். காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்துவது தண்ணீர். மழைக்குப் பழகியவர்கள் என்பதால் கூதலுக்கும் பழகியவர்கள் என்று எடுத்துக்கொண்டதுதான் மிகக் கொடிய தப்பு.

இந்தச் செலவெல்லாம் ஆண்டு முழுவதும் சமமாகப் பரவி வந்தால் இரண்டு கூலி அதைத் தாங்கிவிடும். அப்படி அது வருவதில்லை. கம்பளி, தகரம், கட்டில், போர்வை, காய்ச்சலுக்கு மருந்து என்று முதல் பருவத்திலேயே, முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே, மொத்தமாக வந்து நிற்கும். கையில் இல்லாதவன் கடன் வாங்குவான். குளிர்ந்த மலையில் வாங்கும் முதல் கடன், வாங்கியவனை ஒருவரோடு கட்டிப்போடும். இலங்கையின் கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்து கண்டி மலைகளில் ஏறியவர்களுக்கு நடந்ததும் இதுவே. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் முன்பணமாகக் கணக்கில் எழுதப்பட்டன; வேலை தொடங்குமுன்பே ஆள் கடனாளி. அந்தக் கடனைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாத நிலை 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை நீடித்தது. 1980களில் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் தாயகம் திரும்பிய குடும்பங்கள் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்தது வெளிவந்தபோது நாடு அதிர்ந்தது. முன்பணம், காட்டுக்குள் குடிசை, தீராத கணக்கு. நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு மலைகளில் ஒரே முறை. இரண்டிலும் ஆளைக் கட்டிய கயிற்றின் ஒரு இழை, அந்தக் குளிரில் உயிரோடிருக்கத் தேவைப்பட்ட பணம்.

'எவ்வளவோ பேர் போய் நன்றாக இருக்கிறார்களே' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை. நீலகிரியில் இன்று மூன்றாம் தலைமுறை ஆசிரியர்களாக, ஓட்டுநர்களாக, கடைக்காரர்களாக நிற்கிறது. ஆனால் நின்றவர்களை மட்டும் எண்ணிப் பார்ப்பது கணக்காகாது. முதல் குளிர்காலத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவர்களும், திரும்பச் சமவெளிக்கு இறங்கிப்போனவர்களும் இன்று அங்கே இல்லை; அவர்களிடம் போய் யாரும் கேட்பதில்லை. இன்னொரு மறுப்பு, மலையில் செலவு குறைவு என்பது. மின்விசிறி வேண்டாம், காய்கறி மலிவு, பொழுதுபோக்குச் செலவு கிடையாது என்கிறார்கள். கரட்டும் கோவாவும் விளையும் இடத்தில் அவை மலிவுதான். அரிசியும் பருப்பும் தேங்காயும் எண்ணெயும் கீழேயிருந்து லொறியில் ஏறி வருபவை. ஏழையின் சாப்பாட்டில் முக்கால்வாசி அவைதான். விசிறியில் மிஞ்சும் காசு விறகில் போய்விடும். நல்ல சுவரும் உட்கூரையும் உள்ள வீட்டில் இருப்பவருக்கு மலை மலிவாக இருக்கலாம். தகரக் குடிசையில் இருப்பவருக்கு அது ஒருநாளும் மலிவாக இருந்ததில்லை.

கூரை முதலில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நீலகிரியிலேயே சான்று இருக்கிறது. தாயகம் திரும்பியோருக்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1970களின் நடுவில் அது 'டான்டீ' எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், வால்பாறை பகுதிகளில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் இவர்கள்தான். அங்கே வேலையோடு சேர்ந்து குடியிருப்பும் கிடைத்தது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகம் வீடு கட்டித்தர வேண்டும் என்றது. அதன் 17ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை நிர்வாகமே தரும்படி விதி செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. குளிரும் ஒரு செலவு, அதைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. கோப்பிக் காலத்தில் கடனாக எழுதப்பட்ட அதே கம்பளி இங்கே உரிமையாக எழுதப்பட்டது. கூரையும் கம்பளியும் முறையாகக் கிடைத்தவர்களுக்கு முதல் பருவக் கடன் தேவைப்படவில்லை. அந்தச் சட்டத்தின் கை எட்டாத காய்கறி வயல்களிலும் சிறு தோட்டங்களிலும் கூலிக்குப் போனவர்களுக்கு எதுவும் இல்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களின் குடிசைகள் சரிவுகளில் முளைத்தது அதனால்தான்.

ஆனால் டான்டீ வீட்டிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலிசெய்ய வேண்டும். முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்து உடம்பு தேய்ந்த வயதில், குளிரைத் தாங்கும் சக்தி குறைந்த அந்த வயதில், கூரையை விட்டு வெளியேறு என்று சொல்கிற ஏற்பாடு அது. 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டயருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது எழுந்த போராட்டத்தின் அடிநாதமும் வீடுதான். இலங்கையில் லயம் எனும் வரிசை வீடுகளின் காம்பராக்களில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழ்ந்த காம்பரா கம்பனிக்குச் சொந்தம், அரசு தருவதாகச் சொன்ன 7 பேர்ச்சஸ் காணிக்கான உறுதிப்பத்திரம் இன்னும் பலருக்குப் பேச்சாகவே இருக்கிறது. கூரை இருந்தால் மட்டும் போதாது, அது வேலையோடு பிணைந்திராத கூரையாக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உரிமைக் காகிதம் இல்லாத வீடு எங்கே கட்டப்படும் என்பதையும் யோசியுங்கள். நல்ல நிலத்துக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருப்பார். மிஞ்சுவது யாரும் விரும்பாத சரிவும் ஓடைக்கரையும். 2009 நவம்பரில் குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது மலைச்சரிவு வீடுகள் மண்ணோடு போயின. இலங்கையில் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் போக வேறு இடம் காட்டப்படவில்லை. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க, அடுத்த மே மாதம் கலவான. மண்சரிவு குளிரூரின் தனிச்சொத்து அல்ல என்பதைக் கலவான மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் தெரிந்த மலையில் எந்த மேட்டில் மண் இளகும் என்று தாத்தா காலத்து அறிவு இருக்கும். புதிய மலையில் அந்த அறிவு இருக்காது. அங்கே மலிவாகக் கிடைக்கும் துண்டு நிலம் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நியாயமான ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வீடு பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் ஏழை எப்போதுதான் போவது? வேலை வந்து அழைக்கும்போது போகாவிட்டால் அதுவும் போய்விடுமே? இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. 1960களிலும் 70களிலும் புறப்பட்டவர்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. கப்பல் திகதி வந்தால் குடும்பம் முழுவதும், கிழவர் முதல் கைக்குழந்தை வரை, ஒன்றாக ஏற வேண்டும். அவர்கள்மேல் குற்றம் சுமத்த யாருக்கும் தகுதியில்லை. இன்று கலவானவிலிருந்தோ தெரணியகலையிலிருந்தோ மரக்கறித் தோட்ட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் நுவரெலியாப் பக்கம் போக நினைப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எல்லோரும் ஒரே நாளில் போக வேண்டியதில்லை. உழைக்கக்கூடிய ஒருவர் முதலில் போய் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பிள்ளைகளையும் வயோதிபரையும் பிறகு அழைத்துக்கொள்வது காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய காரியம். அந்த இடைவெளியில் ஊரிலுள்ள காம்பராவையும் வாக்காளர் பதிவையும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பது அதைவிட முக்கியம்.

அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் வசந்தகால விழாவுக்கு நுவரெலியா போய்ப் பார்த்துவிட்டு அறை பேசாதீர்கள். ஜனவரியில் போங்கள், இரவு தங்குங்கள், விடியலில் சுவரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் அந்த அறை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கூரைக்குக் கீழே உட்கூரை இருக்கிறதா, அடுப்புப் புகை போக வழி இருக்கிறதா, விறகோ காஸோ எங்கிருந்து என்ன விலைக்கு வரும் என்று கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய மேடு இருந்தால், அந்த இடம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாயப் பட்டியலில் உள்ளதா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். வாடகையை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் அங்கேதான் குடியிருக்கிறீர்கள் என்று காட்ட ஒரு தாளாவது கையில் இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதே பெரும்பாடாகிவிடும். முதலாளி கம்பளியும் முன்பணமும் தருகிறேன் என்றால், அது சம்பளத்தில் கழிக்கப்படுமா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.